ஹரிஸின் எஸ்ஸும் மகன்மாரின் எஸ்ஸும்

2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தற் களம் சூடேறியிருந்த வேளை. ஜோ பைடன் யூலை 21 ஆம் திகதி போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, கமலா ஹரிஸ் வேட்பாளராகி, ஓகஸ்ட் 6 ஆம் திகதி மினசோட்டா ஆளுநர் டிம் வோல்ஸைத் தமது துணை வேட்பாளராகத் தெரிவு செய்திருந்தார். பொருளாதாரம், குடிவரவு, காஸா யுத்தம் என்று பேசுவதற்கு விடயங்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. ஆயினும் அந்த நாட்களில் ஆங்கிலப் பத்திரிகையாளர்களும் ஆசிரியர்களும் சமூக ஊடகங்களில் மும்முரமாக விவாதித்த விடயம் ஒன்று உண்டு. 'ஹரிஸின் கொள்கை' என்று ஆங்கிலத்தில் எழுதுவதானால் ஹரிஸ் என்ற பெயருக்குப் பின்னால் இன்னொரு எஸ் போடவேண்டுமா, வேண்டாமா?

மேலே செல்லுமுன் ஒரு சிறு விளக்கம். எழுத்தின் தோளில் காற்புள்ளியைப் போலத் தொங்கும் அப்பொஸ்ட்ரொபி என்ற குறியை இக்கட்டுரையில் உடைமைக்குறி என்றே அழைக்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி, குறியை மட்டும் அதற்குரிய இடத்தில் இடுகிறேன். ஆகவே வழக்கு இதுதான்: ஹரிஸ்' என்று குறியோடு நிறுத்துவதா, அல்லது ஹரிஸ்'ஸ் என்று மேலும் ஓர் எஸ்ஸைச் சேர்ப்பதா?

இரண்டு பக்கத்திலும் பெரிய தலைகளே நின்றன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு, எஸ்ஸில் முடியும் ஆட்பெயருக்குக் குறி மட்டும் போதும் என்கிறது. நியூயோர்க் டைம்ஸ், வோஷிங்டன் போஸ்ட், வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் ஆகிய மூன்றும் இன்னொரு எஸ்ஸையும் சேர்த்தே எழுதின. ஒரே நாளில், ஒரே கூட்டத்தைப் பற்றி, ஒரே வேட்பாளரின் பெயர் இருவிதமாக அச்சேறியது. அதன் பொருட்டு எந்த வாசகரும் செய்தியைப் பிழையாக விளங்கிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

கமலா ஹரிஸின் தாயார் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பாட்டனாரின் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அந்த ஊரிலே தேர்தலுக்காகப் பூசை நடந்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. 'ஹரிஸின் பூர்வீகக் கிராமம்' என்று எழுதுவதற்கு எந்தத் தமிழ் உப ஆசிரியரும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தர 'இன்' இருக்கிறது. பெயர் எந்த எழுத்தில் முடிந்தாலும் அது வந்து ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்தது.

ஆனால் நமது நாட்டில் ஆங்கிலத்திலும் எழுதவேண்டியிருக்கிறது. மனு, சத்தியக்கடதாசி, ஆய்வறிக்கை, செய்தி என்று எத்தனையோ உள்ளன. ஆகவே இந்த எஸ் விவகாரத்தை அமெரிக்கரின் வேடிக்கை என்று விட்டுவிடவும் முடியாது. எனது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். ஆங்கிலத்தில் எஸ் என்ற எழுத்தைச் சுற்றி இரண்டு பிரச்சினைகள் உள்ளன. ஒன்று, ஹரிஸ் போன்ற பெயர்களில் வரும் பிரச்சினை. அது நடையைப் பற்றியது. எப்படி எழுதினாலும் உலகம் கவிழ்ந்துவிடாது. மற்றது, பன்மைச் சொற்களில் வரும் பிரச்சினை. அது பொருளைப் பற்றியது. இடம் மாறினால் ஒருவர் பலராவார், பலர் ஒருவராவர். நாம் முதலாவதற்காகச் சண்டை பிடிக்கிறோம். இரண்டாவதைக் கண்டும் காணாமல் விடுகிறோம். இது தலைகீழான நீதி.

முதலாவதை முதலிற் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை உருபு ஏற்றன. ஆண்பாற் சொற்கள் பலவற்றுக்கு உடைமைப் பொருளில் 'எஸ்' என்ற ஓசையுடைய ஒரு முழு அசை ஈறாக நின்றது. காலப்போக்கில் அந்த அசையின் உயிரெழுத்துத் தேய்ந்து, மெய் மட்டும் எஞ்சியது. தேய்ந்துபோன எழுத்தின் இடத்தைக் காட்டுவதற்கே, 16 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சகங்களின் வழக்கத்தைப் பின்பற்றி, இந்தக் குறி ஆங்கிலத்துக்கு வந்தது. 1623 இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதற் பெருந்தொகுப்பில் இன்று நாம் கட்டாயம் என்று கருதும் பல இடங்களில் உடைமைக்குறி இல்லை. பன்மைச் சொல்லுக்குப் பின்னால் குறியிடும் வழக்கமோ அதற்கும் பிந்தியது. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்னரே நிலைபெற்றது. ஆக, அசைக்க முடியாத சட்டம் என்று நமக்குப் போதிக்கப்பட்ட இவ்விதியின் வயது இருநூறு சொச்சம் ஆண்டுகளே. ஷேக்ஸ்பியர் இது தெரியாமலே காலத்தை ஓட்டிவிட்டார்.

சட்டம் என்றதும் ஞாபகத்துக்கு வருவது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 'கன்சாஸ் எதிர் மார்ஷ்' வழக்கு. 2006 ஆம் ஆண்டு யூன் மாதம் தீர்ப்பு வெளியானது. குற்றத்தைப் பாரதூரமாக்கும் காரணிகளும் தண்டனையைத் தணிக்கும் காரணிகளும் தராசில் சமமாக நின்றால் மரண தண்டனையே விதிக்கப்படவேண்டும் என்ற கன்சாஸ் மாநிலச் சட்டம் செல்லுமா என்பதே கேள்வி. செல்லும் என்று 5 நீதியரசர்களும், செல்லாது என்று 4 நீதியரசர்களும் கூறினர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் கிளாரன்ஸ் தோமஸ், கன்சாஸ்' என்று குறியோடு நிறுத்தினார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதியரசர் டேவிட் சூட்டர், கன்சாஸ்'ஸ் என்று எழுதினார். மொழி ஆர்வலர்கள் இதனைப் பெரிதாகப் பேசினார்கள். நாட்டின் அதியுயர் நீதிமன்றமே ஓர் எஸ்ஸைப் பற்றி உடன்பட முடியாதிருக்கிறதே என்று சிரித்தார்கள். ஆனால் அந்த வழக்கின் மையம் ஒரு மனிதனின் உயிர். அங்கே 5க்கு 4 என்ற எண்ணிக்கையே தீர்ப்பு. எஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தீர்ப்பில் எதுவும் மாறியிராது.

அதற்கு மறு ஆண்டு, 2007 இல், ஆர்கன்சோ மாநிலத்தின் சட்டமன்றம் ஒருபடி மேலே போனது. அம்மாநிலத்தின் பெயர் எழுத்திலே எஸ்ஸில் முடிகிறது. வாயிலே 'சோ' என்று முடிகிறது. அப்படித்தான் உச்சரிக்க வேண்டும் என்று 1881 ஆம் ஆண்டிலேயே அந்தச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. கடைசி எஸ் ஊமையாக இருப்பதால், உடைமைப் பொருளில் குறியும் இன்னொரு எஸ்ஸும் வேண்டும் என்று 2007 இல் மற்றொரு தீர்மானம் நிறைவேறியது. எவரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம்தான். மக்கள் வரிப்பணத்தில் இதற்கு ஒரு கூட்டமா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் நல்ல காரணம்: வாய் எதைச் சொல்கிறதோ அதைக் கை எழுதட்டும் என்பது.

பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். லண்டனில் உள்ள பூங்கா சென் ஜேம்ஸ்'ஸ் பார்க். நியூகாசில் நகரத்து உதைபந்தாட்ட மைதானம் சென் ஜேம்ஸ்' பார்க். ஒரே புனிதர், ஒரே நாடு, இரண்டு எழுத்து. லண்டனின் புகழ்பெற்ற வைத்தியசாலை சென் தோமஸ்' என்று குறியோடு நிற்கிறது. நமது கல்கிசையில் உள்ள, 1851 இல் ஆரம்பிக்கப்பட்ட பரி. தோமாவின் கல்லூரியும் தனது ஆங்கிலப் பெயரை அவ்வாறே, இரண்டாவது எஸ் இல்லாமல் எழுதுகிறது. ஒரு நிறுவனம் தனது பெயரை எப்படி எழுதிக்கொள்கிறதோ அப்படியே எழுதுவதுதான் மரியாதை. அங்கே இலக்கண நூலைத் தூக்கிப் பிடிப்பது, ஒருவருடைய பெயரின் முதலெழுத்தை அவருக்கே திருத்திக் கொடுப்பதற்கு ஒப்பானது.

சொந்தமாக எழுதும்போது என்ன செய்வது? பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகையின் நடைக்கையேடு நல்ல வழி காட்டுகிறது. பொதுவாக இரண்டாவது எஸ்ஸைச் சேர். ஆனால் உச்சரிப்பைக் கேட்டு முடிவு செய் என்பது அதன் சாரம். ஜேம்ஸ் என்பவரின் வீட்டை நாம் வாய்விட்டுச் சொல்லும்போது 'ஜேம்ஸஸ்' என்று ஓர் அசை கூடுகிறது. ஆகவே எஸ் எழுதுவோம். கூடுதல் அசை நாவுக்கு இடையூறாக இருந்தால் குறியோடு நிறுத்துவோம். எதைத் தெரிவு செய்தாலும் ஒரே பக்கத்தில் இருவிதமாக எழுதாதிருப்போம். இவ்வளவுதான் முதலாவது பிரச்சினை.

இனிப் பன்மைக்கு வருவோம். எஸ்ஸில் முடியும் சொல்லைப் பன்மையாக்க, பொதுவாக முழு அசை ஒன்றைச் சேர்க்கவேண்டும். பஸ் என்பது பஸஸ். ஜோன்ஸ் குடும்பத்தார் ஜோன்ஸஸ். இங்கே உடைமைக்குறிக்கு வேலையே இல்லை. இதற்கு நமது நாட்டிலேயே அழகான உதாரணம் கிடைத்தது. 2024 செப்டெம்பரில் காலி மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட் போட்டியில் இலங்கை அணி 5 விக்கெட் இழப்புக்கு 602 ஓட்டங்களுடன் ஆட்டத்தை இடைநிறுத்தியபோது, கமிந்து மெண்டிஸ் 182 ஓட்டங்களுடனும் குசல் மெண்டிஸ் 106 ஓட்டங்களுடனும் ஆட்டமிழக்காது நின்றனர். இருவரையும் சேர்த்துச் சொன்னால் மெண்டிஸஸ். இருவரின் இணைப்பாட்டத்தைச் சொன்னால் மெண்டிஸஸ்' என்று, முழுப் பன்மைக்குப் பின்னால் குறி. கமிந்துவின் சதத்தை மட்டும் சொன்னால் மெண்டிஸ்'ஸ், அல்லது மெண்டிஸ்'. முதல் மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். அடித்தவர் ஒருவரா இருவரா என்பதைக் கண்ணுக்குச் சொல்வது எழுத்தும் குறியும் மாத்திரமே.

பஸ் என்ற சொல்லின் கதையும் சுவையானது. அது 'ஒம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வால். ஒம்னிபஸ் என்றால் 'எல்லாருக்கும்' என்று பொருள். அதாவது நாம் இன்று ஏறி இறங்கும் 'பஸ்' என்ற சொல்லில், அகராதிப் பொருள் தரும் பகுதி எதுவுமே இல்லை. அது ஒரு பன்மை வேற்றுமை உருபின் எச்சம். நமது 'களுக்கு' என்பதை மட்டும் வெட்டியெடுத்து ஒரு வாகனத்துக்குப் பெயராக வைத்தது போல! அந்த உருபுக்கு ஆங்கிலம் மறுபடியும் பன்மை ஈறு சேர்த்தது. தமிழோ 'பஸ்கள்' என்றும் 'பஸ்ஸின்' என்றும் தன் வழியில் சேர்த்துக்கொண்டது.

எஸ்ஸைக் கண்டவுடன் பன்மை என்று நினைப்பது ஆங்கிலேயரிடமும் இருந்த பழக்கம். பட்டாணிக் கடலைக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'பீஸ்'. அது பன்மையல்ல. ஈற்றோசையைப் பன்மை ஈறாக எண்ணி அதனை உரித்தெடுத்தார்கள். 'பீ' என்ற புதிய ஒருமை பிறந்தது. பிரெஞ்சிலிருந்து வந்த செறிப் பழத்துக்கும் இதே கதிதான். ஆகவே நம்மவர் 'சிப்ஸ்கள்' என்றும் 'ஷூஸ்கள்' என்றும் பன்மைக்கு மேல் பன்மை போடும்போது, சிரிப்பதற்கு முன் பட்டாணிக் கடலையை நினைத்துக்கொள்வது நல்லது. அவர்கள் இல்லாத பன்மையைக் கண்டார்கள். நாம் இருக்கும் பன்மையைக் காணவில்லை. இரண்டும் ஒரே இயல்பு.

இப்போது இரண்டாவது, உண்மையான பிரச்சினை. தமிழில் பன்மைக்கு ஒரு விகுதி, உடைமைக்கு இன்னோர் உருபு. மகன், மார், இன் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து வரிசையில் நிற்கும். 'மகனின்' என்பதையும் 'மகன்மாரின்' என்பதையும் காது கேளாதவர்தான் மாற்றி விளங்குவார். நன்னூலார் ஒருபடி மேலே சென்று, உடைமைப் பொருள் ஒன்றாயின் ஓர் உருபும் பலவாயின் வேறோர் உருபும் என்று பிரித்திருக்கிறார். எவருடையது, எத்தனை என்ற கேள்விகள் சேர்ந்தே எழும் என்பதை நமது இலக்கணகாரர் உணர்ந்திருந்தனர். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. பன்மைக்கும் எஸ், உடைமைக்கும் எஸ். இரண்டும் ஒரே சொல்லில் சந்தித்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி, குறி நிற்கும் இடம்.

கிரிக்கெட் இரசிகர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தைப் பிரபுக்களின் மைதானம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர். அது தோமஸ் லோர்ட் என்ற ஒருவர் அமைத்த மைதானம். ஆகவே அங்கே எஸ்ஸுக்கு முன்னால் குறி உண்டு. அதே நகரத்திலுள்ள பிரபுக்கள் சபையின் பெயரில் குறி கிடையாது. அது வெறும் பன்மை. காதுக்கு இரண்டும் லோர்ட்ஸ். ஒன்று தனி மனிதனின் பெயர். மற்றது ஒரு வர்க்கத்தின் பெயர். நமது வேம்படி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரிகளின் ஆங்கிலப் பெயர்களில் 'பெண்கள்' என்ற சொல்லின் எஸ்ஸுக்குப் பின்னால் குறி நிற்பதும் இதனால்தான். குறி முன்னால் வந்தால் அந்தக் கல்லூரிகளில் ஒரேயொரு மாணவிதான் படிக்கவேண்டியிருக்கும்.

இது வேடிக்கையோடு முடிவதில்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வீடு, காணி விற்பனை முகவர் ஒருவர், முன்னாள் தொழில்தருநர் ஒருவர் ஊழியரின் ஓய்வூதிய நிதியைச் செலுத்தவில்லை என்று முகநூலில் எழுதினார். 'ஊழியர்' என்ற ஆங்கிலச் சொல்லில் எஸ் இருந்தது, குறி இல்லை. அவதூறு வழக்கு வந்தது. ஓர் ஊழியரையே, அதாவது தன்னையே குறித்ததாக அவர் தரப்பு வாதிட்டது. குறியில்லாத பன்மை, பலருக்கும் தொடர்ச்சியாகப் பணம் செலுத்தப்படவில்லை என்ற பொருளைத் தரக்கூடும் என்று கருதிய நீதிபதி, வழக்கைத் தள்ளுபடி செய்ய 2021 ஒக்டோபரில் மறுத்துவிட்டார். ஒருவருக்குக் கொடுக்காமல் விட்டது தவறுதலாக இருக்கலாம். பலருக்குக் கொடுக்காமல் விட்டது ஒரு நடத்தை. நடுவில் இருந்த வேறுபாடு ஒரு சிறு குறி.

பிரித்தானியாவில் நடந்தது இன்னும் கொடியது. 2009 இல் அந்நாட்டு நிறுவனப் பதிவகம், 'டெய்லர் அன்ட் சண்' என்ற நிறுவனம் கலைக்கப்படுவதைப் பதிவு செய்யும்போது, தவறுதலாக 'டெய்லர் அன்ட் சண்ஸ்' என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. மகன் என்பதற்கும் மகன்மார் என்பதற்கும் இடைப்பட்ட ஓர் எஸ். பிழை சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. ஆனால் அதற்கிடையில் செய்தி பரவி, பொருள் வழங்குவோரும் கடன் கொடுப்போரும் கையை விரிக்க, உயிருடனிருந்த அந்தப் பொறியியல் நிறுவனம் வீழ்ந்தது. 250 பேரளவில் வேலையிழந்தனர். பதிவகமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 இல். நீதி கிடைத்தபோது தொழிற்சாலை இல்லை.

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். யுத்தத்துக்குப் பின்னர் இந்த நாட்டில் எத்தனையோ ஆணைக்குழுக்கள் வடக்கிலும் கிழக்கிலும் அமர்ந்தன. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு அவற்றுள் ஒன்று. அதன் பின்னரும் காணாமற்போனோர் பற்றிய விசாரணைகள் நடந்தன. 2016 இன் சட்டத்தின் கீழ் அலுவலகமும் அமைந்தது. தாய்மார் தமிழில் சாட்சியமளித்தனர். அவை ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டுக் கோப்புகளுக்குள் சென்றன; சில ஜெனிவாவரைக்கும் சென்றன. ஒரு தாய் 'என் மகன்மாரின் உடைமைகளைக்கூட என்னிடம் தரவில்லை' என்று கூறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளரின் கை தவறி, உடைமைக்குறி எஸ்ஸுக்கு முன்னால் விழுகிறது. அந்த வரியை ஆங்கிலத்தில் மட்டும் வாசிக்கும் அதிகாரிக்கு அந்தத் தாய்க்கு ஒரு மகன்தான். மற்றவன் ஏற்கெனவே வீட்டிலிருந்து காணாமற்போனவன். இப்போது கோப்பிலிருந்தும் காணாமற்போகிறான். பின்னொரு நாள் அவள் மறுபடியும் வந்து 'இரண்டு பேர்' என்று சொன்னால், முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாள் என்று எழுதப்படும்.

காணி விவகாரங்களும் இத்தகையவையே. 'சகோதரனின் காணி' என்பதற்கும் 'சகோதரர்களின் காணி' என்பதற்கும் ஆங்கிலத்தில் எழுத்துக்கள் அத்தனையும் ஒன்றே. குறி இருக்கும் இடம் மட்டும் வேறு. உறுதி தொலைந்து, அகதியாகி, திரும்பிவந்து, அரச அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதுவித்துக் கொடுக்கும் குடும்பத்துக்கு அந்த இடம் சிறியதல்ல. பங்கு ஒன்றா நான்கா என்பது அதில் தொங்குகிறது.

ஹரிஸின் எஸ்ஸுக்காகச் செலவிட்ட மையில் பத்தில் ஒன்றையாவது இந்த எஸ்ஸுக்காகச் செலவிட்டிருக்கலாம் என்று நான் கூறுவது இதனாலேதான். ஆனால் நாம் செய்வது என்ன? ஆங்கிலம் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர்கள், தெரியாதவரின் பிழையைப் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் போட்டுச் சிரிக்கிறார்கள். கடைப்பலகையில் பன்மைக்குக் குறி போட்ட வியாபாரி சிரிப்புக்கு ஆளாகிறான். அவன் விற்பது வாழைப்பழம் என்பது எல்லாருக்கும் விளங்குகிறது; எவருக்கும் நட்டமில்லை. நமது பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்குச் சிங்கள மாணவர்கள் இட்ட பெயர் 'கடுவ', அதாவது வாள். கிராமத்திலிருந்து வரும் பிள்ளையை, சிங்களப் பிள்ளையானாலும் தமிழ்ப் பிள்ளையானாலும், வெட்டும் வாள். அந்த வாளின் மிகச் சிறிய முனை இந்த உடைமைக்குறி. நேர்முகப் பரீட்சைக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் ஒரு குறி இடம் மாறியிருந்தால் மிகுதியை வாசியாமலே ஒதுக்கிவிடும் மேலாளர்கள் இருக்கிறார்கள். திருத்துவது வேறு, வெட்டுவது வேறு.

திருத்துவது எப்படி என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஜோன் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற ஆங்கிலப் பத்திரிகையாளர், 2001 இல் இங்கிலாந்தின் பொஸ்டன் நகரில் உடைமைக்குறியைப் பாதுகாக்க ஒரு சங்கம் அமைத்தார். பிழையான பலகைகளைக் கண்டால், கடைக்காரருக்குப் பணிவான ஒரு கடிதம் கொடுப்பார், விதியை எளிமையாக விளக்குவார், அவ்வளவுதான். விளையாட்டாக வழங்கப்படும் இக் நோபல் பரிசு அதே ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. 2019 இல், தமது 96 ஆவது வயதில், இனி முடியாது என்று சங்கத்தை மூடினார். 2021 இல் காலமானார். அவருடைய கவலை எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பணிவை நான் மதிக்கிறேன். எங்கள் தொழிலில் ஆயுள் முழுவதும் பிறர் பிரதியைத் திருத்திய ஒருவர், ஓய்வின் பின்னரும் எவரையும் இழிவுபடுத்தாமல் திருத்தினார்.

தமிழ் மாணவருக்கு இதைக் கற்பிக்க ஆங்கில இலக்கண நூலைவிடத் தமிழே நல்ல ஆசான் என்பது எனது துணிபு. முதலில் தமிழில் கேளுங்கள்: யாருடையது? வரும் விடையை ஆங்கிலத்தில் முழுச் சொல்லாக எழுதுங்கள். ஒருவர் என்றால் ஒருமை; பலர் என்றால் பன்மை, அதற்குரிய எஸ்ஸுடன். சொல் முழுமையானதும், அதன் கடைசி எழுத்துக்குப் பின்னால் குறியை இடுங்கள். முன்னால் அல்ல, நடுவில் அல்ல, பின்னால். இப்போது பாருங்கள்: விடை எஸ்ஸில் முடிந்த பன்மையானால் அங்கேயே நிறுத்துங்கள். மற்ற எதுவானாலும் ஓர் எஸ் சேருங்கள். பிள்ளைகள் என்பதற்கான 'சில்ட்ரன்' பன்மைதான். ஆனால் எஸ்ஸில் முடியவில்லை. ஆகவே குறியும் எஸ்ஸும். ஹரிஸ், மெண்டிஸ், தோமஸ் போன்ற ஒருமைப் பெயர் வந்தால், நீங்கள் எழுதும் இடத்தின் வழக்கத்தைக் கேளுங்கள். வழக்கம் இல்லையேல் உங்கள் காதைக் கேளுங்கள். யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லாவிட்டால், அது வெறும் பன்மை. குறியைத் தொடவே வேண்டாம். 'அதனுடைய' என்ற பொருள் தரும் 'இட்ஸ்' பிரதிப்பெயர். 'அவனுடைய' என்பதற்கான 'ஹிஸ்' எப்படிக் குறியில்லாமல் நிற்கிறதோ அப்படியே அதுவும் நிற்கும்.

பாடம் இவ்வளவுதான். ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பாடத்தோடு கடமை ஒன்றும் சேர்ந்துவருகிறது. சாட்சியத்தை மொழிபெயர்ப்பவர்களும், சத்தியக்கடதாசி தயாரிக்கும் சட்டத்தரணிகளும், மாவட்டங்களிலிருந்து வரும் செய்தியை ஆங்கிலப் பக்கத்துக்கு மாற்றும் உப ஆசிரியர்களும், எஸ்ஸில் முடியும் உடைமைச் சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நின்று, தமிழ் மூலத்தைத் திரும்பப் பார்க்கவேண்டும். மூலத்தில் 'மார்' இருக்கிறதா, 'கள்' இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஐயம் இருந்தால் குறியை மட்டும் நம்பாமல், 'அவரது இரண்டு மகன்மார்' என்று எண்ணையும் சேர்த்து எழுதிவிடவேண்டும். எண் இடம் மாறாது. தட்டச்சில் நழுவி விழவும் மாட்டாது.

ஹரிஸுக்கு இன்னோர் எஸ் வேண்டுமா என்று நீங்கள் என்னைக் கேட்டால், நான் சேர்த்தே எழுதுவேன். நீங்கள் சேர்க்காமல் எழுதினால் உங்களுடன் வாதிட மாட்டேன். ஆனால் மகன்மார் இருவரில் ஒருவரை ஒரு குறியினால் நீங்கள் இல்லாமற் செய்தால், அந்தப் பிரதியை நான் அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.